ஒரு மாதத்தை ஜானகிராமனுக்குக் கொடுங்கள்

ஊர்தோறும் வாசகர் வட்டம் நடத்தும் நண்பர்களுக்கு,

நூலக மாடியிலோ பள்ளிக்கூட வகுப்பறையிலோ யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியிலோ மாதம் ஒருமுறை கூடுகிறீர்கள். நாற்காலி எடுத்துப் போடுவது முதல் டீக்குச் சொல்வது வரை பெரும்பாலும் ஒரே ஆள்தான் செய்கிறார். வருபவர்கள் பத்துப் பேர், மழை பெய்தால் ஐந்து பேர். பணம் போடும் புரவலர் என்று யாரும் இல்லாமல் இதை வருடக்கணக்கில் விடாமல் நடத்துவது லேசான காரியம் இல்லை. அந்த மரியாதை மனசில் இருக்கும்போதே ஒரு குறையையும் ஒரு கோரிக்கையையும் எழுதிவிடுகிறேன்.

குறை இதுதான். மாதம் ஒரு புத்தகம் என்று வைத்திருக்கிறீர்கள். சித்திரையில் புதுமைப்பித்தன், வைகாசியில் ஒரு ருஷ்ய நாவலின் மொழிபெயர்ப்பு, ஆனியில் போன வருடம் பரிசு வாங்கிய நாவல், ஆடியில் ஒரு தன்வரலாறு. பட்டியலைப் பார்த்தால் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. கூட்டத்தில் நடப்பது என்ன? ஒருவர் கதையைச் சொல்கிறார். அடுத்தவர் நடை அருமை என்கிறார். மூன்றாமவருக்கு முடிவு பிடிக்கவில்லை. நான்காமவர் புத்தகத்தைப் படிக்கவில்லை, ஆனால் இதே மாதிரி ஒரு மலையாளப் படம் பார்த்திருக்கிறார், அதைச் சொல்கிறார். ஒன்பது மணிக்குக் கடைசி பஸ். அடுத்த மாதம் வேறு எழுத்தாளர், வேறு உலகம். போன மாதம் பேசிய எதுவும் இந்த மாதத்துக்கு உதவுவதில்லை. ஒவ்வொரு முறையும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

கோரிக்கை: வருடத்தில் ஒரே ஒரு மாதம், ஒரே எழுத்தாளரின் நாவல்கள் அத்தனையையும் படியுங்கள். நல்ல நாவல், சுமாரான நாவல் என்று பொறுக்காமல், நடுவில் வேறு புத்தகம் தொடாமல். அந்த மாதம் மட்டும் வாரம் ஒரு கூட்டம் போடுங்கள். முதல் முறைக்குத் தி. ஜானகிராமனை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். போன மார்கழி முழுக்க நான் அவரோடுதான் இருந்தேன். அதில் கிடைத்ததை வைத்துத்தான் இந்த மடல்.

முதலில் ஆகிற காரியமா என்று பார்த்துவிடலாம். 1940களின் நடுவில் வந்த 'அமிர்தம்' தொடங்கி, அவர் 1982இல் இறந்த பிறகு நூலாக வந்த 'நளபாகம்' வரை ஒன்பது நாவல்கள். 'மோகமுள்' மட்டும் அறுநூறு பக்கத்தைத் தாண்டும். 'அம்மா வந்தாள்' ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலேயே முடிந்துவிடும். பதிப்புக்குப் பதிப்பு கணக்கு மாறினாலும் மொத்தம் மூவாயிரம் பக்கம் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு நூறு பக்கம். பயந்துவிடாதீர்கள். ஜானகிராமனின் நூறு பக்கத்தில் பாதி உரையாடல். சீரியல் பார்க்கிற நேரத்தில் ஓடிவிடும். பழைய நூலகங்களில் ஐந்திணைப் பதிப்புகள் முதுகு கிழிந்து கிடக்கின்றன, காலச்சுவடு புதிதாக அச்சிட்டவை கடைகளில் இருக்கின்றன. கிடைக்கவில்லை என்ற சாக்குக்கு இடமில்லை.

அவரைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் அதிகம் பேர் தங்களுக்குப் பிடித்தவர் என்று சொல்லும் நாவலாசிரியர்களில் அவர் ஒருவர். அப்படிச் சொல்பவர்களில் பலர் 'மோகமுள்', 'அம்மா வந்தாள்' இரண்டோடு நின்றவர்கள். சிலருக்கு 1995இல் ஞான ராஜசேகரன் எடுத்த படம்தான் 'மோகமுள்'. நூற்றாண்டு வந்த 2021இல் எல்லோரும் அவரைப் பற்றி எழுதினார்கள். எழுதியதில் பெரும்பகுதி காவிரி, கும்பகோணம் காப்பி, கர்நாடக சங்கீதம், மீறல் என்ற நான்கு சொற்களுக்குள் அடங்கிவிட்டது. இரண்டு நாவலிலிருந்து இதற்கு மேல் கிடைக்காது. ஒன்பதையும் தொடர்ச்சியாகப் படித்தால் வேறொரு ஜானகிராமன் எழுந்து வருகிறார்.

ஆனால் அதற்கு முன் எரிச்சல் வரும், எச்சரித்துவிடுகிறேன். மூன்றாவது நாவலில் லேசாகத் தொடங்கி ஐந்தாவதில் முற்றும். அவருடைய பெண்கள் ஏன் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த அம்மன் சிலையாக இருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். 'மோகமுள்' யமுனா, 'அம்மா வந்தாள்' அலங்காரத்தம்மாள், 'உயிர்த்தேன்' செங்கம்மா என்று யாரை எடுத்தாலும் உயரம், கம்பீரம், உடம்பிலிருந்தே வெளிச்சம் வருகிற மாதிரி ஒரு வர்ணனை. ஆண்கள் எல்லோரும் அவர்கள் முன்னால் வாயடைத்து நிற்கிறார்கள். யாராவது வீட்டுக்கு வந்தால் உடனே காப்பி. யாராவது மனசு கலங்கினால் உடனே ஆற்றங்கரை. ஒரு நாவலில் அழகாக இருந்தது ஐந்தாவது நாவலில் வாடிக்கையாகத் தெரிகிறது. தனித்தனியாக, வருடத்துக்கு ஒன்றாகப் படித்திருந்தால் இது கண்ணில் படாது, ஒவ்வொரு முறையும் புதிதாக மயங்கியிருப்போம். இந்த எரிச்சலை அடக்காதீர்கள், கூட்டத்தில் சொல்லுங்கள். மயக்கம் தெளிகிற இடத்தில்தான் அவர் உண்மையில் எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்ற கேள்வி எழும்.

என் கண்ணில் பட்டது காமம் இல்லை, கடன். ஒருவர் பட்ட கடனை இன்னொருவர் அடைப்பது. மூத்தவர்கள் ஒரு முடிவெடுக்கிறார்கள், அல்லது ஒரு தவறு செய்கிறார்கள், அல்லது ஒரு ஆசையை நிறைவேற்றாமல் விட்டுப் போகிறார்கள். அதன் பாரம் முழுவதும் அதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத பிள்ளைகள் தலையில் இறங்குகிறது. பிள்ளை அதைச் சுமப்பதா, இறக்கி வைப்பதா? அவர் நாவல்களின் நடுவில் ஓடுவது இந்தக் கேள்விதான். மீறல் என்று நாம் கொண்டாடுவது பல இடங்களில் அந்தப் பாரத்தை இறக்கி வைக்கிற முயற்சி.

'அம்மா வந்தாள்' நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பு பதினாறு வருடம் காவிரிக்கரை வேத பாடசாலை ஒன்றில் அத்யயனம் முடித்துவிட்டுச் சென்னைக்குத் திரும்புகிறான். அம்மா அலங்காரத்துக்கும் சிவசு என்பவருக்கும் உள்ள உறவு தெரிய வருகிறது. அப்பா தண்டபாணிக்கும் அது தெரியும். இந்த அதிர்ச்சியோடு நாவலை மூடி வைப்பவர்கள்தான் அதை மீறல் நாவல் என்கிறார்கள். இன்னொரு முறை படித்தால் வேறொன்று தெரியும். ஒரு சின்னப் பையனை எதற்காக அவ்வளவு தூரம் அனுப்பி, அவ்வளவு வருடம் அங்கேயே வைத்திருந்தார்கள்? அவன் வேதம் படித்து அம்மாவின் பாவத்தைக் கரைக்க வேண்டும். அவன் கேட்டுக்கொண்ட படிப்பு இல்லை அது, அவன் செய்த பாவமும் இல்லை. அவன் குழந்தைப் பருவம் முழுவதையும் அம்மா தன் கணக்கைத் தீர்க்கச் செலவழித்துவிட்டாள். கடைசியில் அவன் பாடசாலைக்கே திரும்பி, சின்ன வயதிலேயே விதவையாகிவிட்ட இந்துவின் பக்கம் நிற்கிறான். அப்போதுதான் அலங்காரத்துக்குத் தன் கடனைத் தானே அடைக்க வேண்டும் என்பது விளங்குகிறது. காசிக்குக் கிளம்புகிறாள். இவ்வளவு கறாராகக் கணக்குப் பார்த்த நாவலைத் 'துணிச்சலான கதை' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் எப்படி?

'மலர் மஞ்ச'த்தில் இது இன்னும் வெளிப்படை. பிரசவத்தோடு கண்ணை மூடுகிற தாய், பிறந்த பெண் இன்னாருக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அப்பா ராமையா அந்த வார்த்தையைக் காப்பாற்றுவதையே வாழ்க்கையாக வைத்துக்கொள்கிறார். நல்ல மனிதர், மகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். அதுதான் கஷ்டம். கெட்டவர் கட்டாயப்படுத்தினால் எதிர்த்துவிடலாம். பாலி வளர்ந்து, நாட்டியம் கற்று, மனசு வேறொருவன் பக்கம் சாய்ந்த பிறகு, செத்துப்போனவள் சொன்ன ஒரு வாக்கியம் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு நகர மறுக்கிறது. இறந்தவர்களோடு வாதம் செய்ய முடியாது என்பதை இத்தனை பக்கம் எழுதிக் காட்டியிருக்கிறார். தொடர்கதையாக வந்த நாவல், கொஞ்சம் நீளம்தான். வாரம் ஒரு அத்தியாயத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு எழுதியது என்று நினைத்துக்கொண்டு படித்தால் அந்த நீளம் உறுத்தாது.

'மோகமுள்'ளை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நாயகன் பாபுவைவிட யமுனாதான் பெரிதாகத் தெரிகிறாள். அப்பா தமிழ் பிராமணர், அம்மா மராட்டியப் பெண், இரண்டாம் தாரம். அவர்கள் இருவரும் விரும்பி அமைத்துக்கொண்ட வாழ்க்கைக்கு மகள் விலை கொடுக்கிறாள். வருகிற வரன் எல்லாம் அம்மாவின் பூர்வீகத்தைக் கேட்டதும் நழுவுகிறது. அப்பா போன பிறகு வருமானமும் நின்று, வீடு படிப்படியாக இறங்குகிறது. இதற்கு நடுவில் அவளைவிட இளையவனான பாபு தன் ஆசையையும் அவள்மேல் சுமத்துகிறான். பல வருடம் கழித்து அவள் இணங்குகிற இடத்தை இளம் வயதில் படித்தவர்கள் காதல் வெற்றி என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். மற்ற நாவல்களோடு சேர்த்துப் படித்தபோது அது எனக்குக் கடன் தீர்க்கிற காட்சியாகவே பட்டது. அவன் தனக்காகக் கெட்டுப்போகிறான் என்ற பாரத்தைக்கூட அவள் இறக்கி வைத்துவிடுகிறாள், அவ்வளவுதான். இதை உங்கள் கூட்டத்தில் யாராவது மறுத்துப் பேசினால் சந்தோஷப்படுவேன். மறுப்பதற்கு அந்த நாவலிலேயே ஆதாரம் உண்டு.

பாபுவுக்கும் ஒரு பாரம் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. பிள்ளை சங்கீதக்காரனாக வேண்டும் என்பது அப்பா வைத்தியின் ஆசை. சங்கீத குரு ரங்கண்ணாவிடம் அவன் போய்ச் சேருவது அதன் வழியாகத்தான். கச்சேரி மேடையை மதிக்காத அந்தக் கிழவர் வரும் பக்கங்களை யாராவது சத்தமாக வாசிக்கச் செய்யுங்கள். சுருதி சேருவது என்றால் என்ன என்று சங்கீதம் தெரியாதவர்களுக்கும் புரியும்படி தமிழில் வேறு யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. ஜானகிராமன் தானே பாட்டுக் கற்றவர். அது நாவலில் தகவலாக வந்து நிற்பதில்லை, காதாக வேலை செய்கிறது.

காது என்றதும் ஒரு சின்ன விலகல். பத்து வருடத்தை ஒட்டிப் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு 1950களில் வானொலிக்குப் போனவர் அவர். சென்னையிலும் தில்லியிலும் கல்வி ஒலிபரப்பில் வேலை பார்த்தார். முகம் தெரியாத பிள்ளைகளுக்குக் குரலால் மட்டும் பாடம் சொல்கிற வேலை. அவர் உரையாடல்களில் 'என்று கோபமாகச் சொன்னான்', 'என்று வருத்தத்துடன் கேட்டாள்' என்ற ஒட்டுகள் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். யார் பேசுகிறார்கள், கோபமா கேலியா, எதை மறைக்கிறார்கள் என்பது வாக்கியத்தின் ஏற்ற இறக்கத்திலேயே தெரிந்துவிடும். நாவல்களில் பெரிய விஷயங்கள் நேரடியாகப் பேசப்படுவதே அபூர்வம். வத்தக்குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒரு குடும்பத்தைப் பிரித்துவிடுவார்.

'நளபாக'த்தில் சமையல்காரன்தான் நாயகன். யாத்திரைப் பயணிகளுக்கான ரயிலில் சமைக்கிற காமேச்வரன், அம்பாள் உபாசகன். அவனை ரங்கமணி அம்மாள் தன் வீட்டுக்குச் சமைக்க அழைத்துப் போகிறாள். பிள்ளை பிறக்காமல் தலைமுறை தலைமுறையாகச் சுவீகாரம் எடுத்தே ஓடுகிற குடும்பம் அது. மருமகளுக்கு ஒரு குழந்தை வேண்டும் என்ற அந்த வீட்டின் ஏக்கம், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, ஊர் வாயில் புகுந்து, சமையல்காரன் தலையில் வந்து இறங்குகிறது. முதல் நாவலான 'அமிர்த'த்தில் தாசி குலத்தில் பிறந்த பெண் தாயின் தொழிலை ஏற்க மறுத்தாள். கடைசி நாவலில் சம்பளத்துக்கு வந்தவன் மேலேயே ஒரு பரம்பரையின் கடன் ஏற்றப்படுகிறது. 'கிராம ஊழியன்' இதழில் தொடங்கி 'கணையாழி' இதழ் வரை, ஏறக்குறைய நாற்பது வருட இடைவெளியில், ஆள் மாறியிருக்கிறார், நடை எங்கோ போயிருக்கிறது, கேள்வி அதேதான். எந்த ஒரு நாவலைத் தனியாக வைத்துக்கொண்டும் இதைப் பார்க்க முடியாது.

சுமாரான நாவல்களையும் விடாதீர்கள் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். 'அன்பே ஆரமுதே'யில் கல்யாணத்தன்று ஓடிப்போய்ச் சந்நியாசியான அனந்தசாமி, அன்று கைவிட்ட ருக்மிணியைப் பல வருடம் கழித்துச் சென்னையில் சந்திக்கிறார். அவள் வேறு கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. ஞானம் தேடிப் போனவர் விட்டுச்சென்ற பாக்கி ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதும். என்ன அருமையான வித்து! சினிமா உலகம், பக்கத்து வீடு, துணைக்கதை என்று பரப்பிப் பரப்பி அதை நீர்த்துப்போக விட்டுவிட்டார். 'உயிர்த்தேன்' வேறு மாதிரி. பூவராகன் சென்னையை விட்டு ஆறுகட்டி கிராமத்துக்கு வந்து கோயிலைப் புதுப்பிக்கிறான், வயலைத் திருத்துகிறான், எல்லோரும் அவனை விரும்புகிறார்கள், எல்லோரும் செங்கம்மாவை வணங்குகிறார்கள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். ஆனால் இத்தனை கடன்களை எழுதியவர் ஒரு தடவையாவது கடனில்லாத ஊர் ஒன்றைக் கற்பனை செய்து பார்த்திருக்கிறார். அதற்குள்ளும் ஊரோடு ஒட்டாத பழனிவேலு என்ற ஒருவனை வைக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. தோற்ற நாவல்களில் எழுத்தாளன் என்ன ஆசைப்பட்டான் என்பது தெரிகிறது. வென்றவற்றில் அது கதைக்குள் மறைந்துவிடுகிறது.

'மரப்பசு'வைப் பற்றி உங்கள் கூட்டத்தில் சண்டை வரும், வரட்டும். அம்மணி யாருக்கும் எதற்கும் கடன்படாதவளாக வாழ நினைக்கிறாள். கல்யாணம் வேண்டாம், வாரிசு வேண்டாம், எல்லோரையும் தொட்டுப் பேச வேண்டும். பாடகர் கோபாலியோடு இருக்கிறாள், கட்டுப்படாமல் இருக்கிறாள். 1975இல் இது நூலாக வந்தபோது எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். இன்றைய இளம் வாசகிகள் வேறு காரணத்துக்காக முகம் சுளிக்கிறார்கள்: அவள் பேசுவது ஒரு பெண் பேசுவது போல இல்லை, பெண் இப்படிப் பேசினால் நன்றாக இருக்கும் என்று ஒரு ஆண் நினைப்பது போல இருக்கிறது என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் கணக்கில் இன்னொரு குறையும் சேரும். மற்ற நாவல்களில் பாத்திரங்களை இழுத்துப் பிடித்திருந்த கயிறு இதில் அறுந்துபோய்விட்டதால், அம்மணி எங்கு வேண்டுமானாலும் போகலாம், அதனாலேயே எங்கும் போகாமல் பேசிக்கொண்டே இருக்கிறாள். கூலிக்காரப் பெண் மரகதமும் அவள் புருஷன் பச்சையப்பனும் வரும்போதுதான் நாவலுக்கு உயிர் வருகிறது. ஜானகிராமனுக்குச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசத் தெரிந்த அளவுக்கு அதில் ஒருத்தியை வாழவைக்கத் தெரியவில்லை என்பது என் தீர்ப்பு.

இனி 'செம்பருத்தி'. 1968இல் வந்தது. ஒன்பதில் கடைசியாகப் பேசப்படுவது, என்னைக் கேட்டால் 'அம்மா வந்தா'ளுக்குச் சமமாக வைக்க வேண்டியது. சின்ன அண்ணன் சட்டென்று இறந்துபோக, படித்துக்கொண்டிருந்த சட்டநாதன் கடையையும் குடும்பத்தையும் ஏற்றுக்கொள்கிறான். விதவையான சின்ன அண்ணி குஞ்சம்மாள் மனசில் அவனுக்கு ஒரு இடம் எப்போதோ இருந்திருக்கிறது. பெரிய அண்ணி வாயைத் திறந்தால் வீடே நடுங்கும். மனைவி புவனா பொறுமையின் வடிவம். எல்லாம் ஒரே கூரைக்கு அடியில். வேறொருவர் எழுதியிருந்தால் இருநூறாவது பக்கத்தில் ஏதாவது வெடித்திருக்கும். இங்கே எதுவும் வெடிப்பதில்லை. வருடங்கள் போகின்றன, தலை நரைக்கிறது, பெண்களுக்குக் கல்யாணமாகிறது. பொறுமைசாலி புவனா மாதவிடாய் நிற்கிற வயதில் மாறுகிறாள். வாழ்நாள் முழுவதும் கேட்காத கேள்விகளை அப்போது கேட்கத் தொடங்குகிறாள், சந்தேகப்படுகிறாள், குத்துகிறாள். ஒரு பெண்ணின் உடம்பு அந்த வயதில் அவளுக்குச் செய்வதை, அதைப் பற்றி வீட்டில்கூட யாரும் பேசாத காலத்தில், ஒரு ஆண் எழுத்தாளர் நிதானமாக எழுதியிருக்கிறார். அம்மன் சிலை என்று நான் மேலே சலித்துக்கொண்டேனே, அந்தச் சிலைக்கு வயதாவதை அவரே எழுதியிருக்கிறார். 'மோகமுள்'ளோடு நிறுத்திக்கொண்டவர்கள் ஜானகிராமனைப் பாதியில் விட்டவர்கள்.

சட்டநாதன் தன் கடனை அடைக்கிறான். முழுவதுமாக, முணுமுணுக்காமல், ஒரு ஆயுள் முழுக்க. அப்பு இறக்கி வைத்த பாரத்தைப் போன்ற ஒன்றை இவன் சுமந்தே தீர்க்கிறான். இரண்டில் எது சரி என்று ஜானகிராமன் சொல்லவே இல்லை. 1966இல் ஒன்றையும் இரண்டு வருடம் கழித்து மற்றதையும் வெளியிட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் படிப்பதற்காகவாவது இந்த மாதம் வேண்டும்.

நடைமுறைக்கு வருகிறேன். வெளியான வரிசையில் படிக்க வேண்டாம். 'அமிர்தம்' ஆரம்பகால எழுத்து, அதில் தொடங்கினால் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். முதல் வாரம் 'அம்மா வந்தாள்', கூடவே 'நளபாகம்'. சின்ன நாவல்களில் கை பழகிய பிறகு 'மோகமுள்'. அதற்கு ஒரு வாரம் முழுதாக வேண்டும். பிறகு 'மலர் மஞ்ச'மும் 'உயிர்த்தே'னும். 'செம்பருத்தி'யைக் கடைசி வாரத்துக்கு வையுங்கள். எஞ்சியவற்றை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு வந்து சொல்லலாம். எல்லோரும் எல்லாவற்றையும் படித்தே ஆக வேண்டும் என்று வாத்தியார் வேலை பார்க்காதீர்கள். ஆனால் 'அம்மா வந்தா'ளையும் 'செம்பருத்தி'யையும் படிக்காதவருக்குக் கடைசிக் கூட்டத்தில் பேச்சு கிடையாது, காப்பி மட்டும் உண்டு என்று கண்டிப்பாகச் சொல்லிவிடலாம். சிறுகதைகளை அந்த மாதம் தொடாதீர்கள். 1979இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது 'சக்தி வைத்தியம்' என்ற சிறுகதைத் தொகுப்புக்குத்தான், கதைகளில் அவர் இன்னும் பெரிய ஆள் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வழக்கு இன்னொரு வருடத்துக்கு. விமர்சனக் கட்டுரைகளையும் மாதம் முடிந்த பிறகு படியுங்கள். என் கடன் கதையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாவலைத் திறக்கும்போது இந்த மடலை மறந்துவிடுங்கள்.

ஒருவருக்கு மட்டும் வேறு வேலை கொடுங்கள். எழுத்தாளர் சிட்டியோடு சேர்ந்து ஜானகிராமன் எழுதிய பயண நூல் 'நடந்தாய் வாழி காவேரி'யை அவர் படித்துவிட்டு வந்து, நாவல்களில் வருகிற ஆற்றங்கரைகளைப் பற்றிச் சொல்லட்டும். 1971இல் அதை வெளியிட்ட பதிப்பகத்தின் பெயர் வாசகர் வட்டம். விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தியின் மகள் லக்ஷ்மி கிருஷ்ணமூர்த்தி நடத்தியது. உங்கள் கூட்டத்துக்கும் அதே பெயர் என்பதால் அந்தப் புத்தகத்தை ஒருமுறை கையில் எடுத்துப் பார்ப்பது நியாயம்.

ஜானகிராமன் வேண்டாம், தஞ்சாவூர் அக்ரஹாரம் எங்களுக்கு ஒட்டாது என்று சொல்பவர்கள் உங்களில் இருப்பார்கள். நியாயமான மறுப்பு. அவர் உலகம் அகலமானது இல்லை, ஆழம் மட்டும்தான். அவர்கள் ராஜம் கிருஷ்ணனை எடுத்துக்கொள்ளட்டும். தூத்துக்குடி உப்பளத்துக்கும் மீனவர் குடியிருப்புக்கும் நீலகிரி மலைக்கும் நேரில் போய், பார்த்து, கேட்டு எழுதியவர். அவரோடு ஒரு மாதம் என்றால் தமிழ்நாட்டைச் சுற்றி வந்த மாதிரி. அசோகமித்திரன் என்றால் நாவல்கள் சின்னவை, ஹைதராபாத்துக்கும் சென்னைக்கும் நடுவில் ஒரு நகரத்து மனிதனின் வாழ்க்கையை முழுதாகப் பார்த்துவிடலாம். பூமணியோ இமையமோ என்றாலும் மாதம் போதாமல் போகும். சுந்தர ராமசாமிக்கு மூன்றே நாவல்கள், ஒரு வாரத்துக்கு மேல் ஓடாது, ஆனால் அந்த ஒரு வாரம் சுகமாக இருக்காது. யாராக இருந்தாலும் ஒரு நிபந்தனைதான்: பாதியில் ஆளை மாற்றக் கூடாது, பிடிக்காமல் போகிற இடத்தில் நிறுத்தக் கூடாது.

எந்த மாதம் என்று கேட்டால் மார்கழி என்பேன். அதற்குக் காரணம் உண்டு. ஊரெல்லாம் பாட்டுக் கேட்கிற மாதம், ரங்கண்ணாவுக்குப் பொருத்தம். பள்ளிக்கூடங்களுக்கு அரையாண்டு விடுமுறை வருவதால் உங்களில் பாதிப் பேரான ஆசிரியர்களுக்கு நேரம் கிடைக்கும். மார்கழி முடிகிற சமயத்தில்தான் சென்னையில் புத்தகக் காட்சியும் நடக்கும். அடுத்து என்ன வாங்குவது என்பதில் அப்போது கொஞ்சம் தெளிவு வந்திருக்கும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நாளைக்கே உங்கள் ஊர் நூலகத்துக்குப் போய் 'செம்பருத்தி' இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிப் போடச் சொல்லி ஒரு மனு எழுதி, பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, நூலகரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு வாசகன்